‘புட் டுகெதர்’: போர்த்துக்கேயத்தில் இதற்கு ஒரே சொல் தேடாதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். மொறட்டுவையில் அலுமாரியும் மேசையும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறிய தொழிற்சாலைக்கு, பெட்டிக்குள் வைக்கும் துண்டுப்பிரசுரத்தை ஆங்கிலத்திலிருந்து போர்த்துக்கேயத்துக்கு மாற்றிக்கொடுக்கும் வேலையை எடுத்திருக்கிறார். இணையவழியில் ஓரளவு போர்த்துக்கேயம் படித்தவர். ஆங்கில மூலத்தில் ‘புட் டுகெதர்’ என்ற ஃப்ரேசல் வேர்ப் (வினையோடு இன்னொரு சிறு சொல் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர்) ஏழு இடங்களில் வருகிறது, கணினி மொழிபெயர்ப்பு இடத்துக்கு இடம் வேறு வேறு வினைச்சொல்லைத் தருகிறது, எது சரி என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடலாமா என்பது முதல் கேள்வி. போர்த்துக்கலுக்கும் பிரேசிலுக்கும் ஒரே துண்டுப்பிரசுரம் போதுமா என்பது இரண்டாவது.

ஒரே சொல்லைப் போடக் கூடாது. கணினி சொல்லை மாற்றி மாற்றித் தருவதில் பிழை இல்லை, அந்த ஏழு இடங்களிலும் நடக்கும் வேலை ஒன்றல்ல. ஆனால் எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதைக் கணினியிடம் விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் படத்தில் பலகை எப்படி நிற்கிறது, ஆணி எங்கே போகிறது என்பதை அது பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்கிறீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே போர்த்துக்கேயச் சொற்களைத் தமிழ் எழுத்தில், ஒலிக்குக் கிட்டத்தட்டத்தான் தருகிறேன். அச்சுக்குப் போகும் முன் எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கல் வழக்குக்குப் பிரிபெராம், பிரேசில் வழக்குக்கு மிக்காயேலிஸ், இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, சிக்கல் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் ‘புட்’ என்ற வினைக்குத் தனியே பெரிதாகப் பொருள் இல்லை, வை, போடு, அவ்வளவுதான். சேர்கிறது என்ற செய்தி முழுவதையும் ‘டுகெதர்’ சுமக்கிறது. எப்படிச் சேர்கிறது என்பதை, அதாவது ஆணி அடித்தா, சொருகியா, ஒட்டியா, பக்கத்தில் வைத்தா என்பதை அது சொல்வதே இல்லை, வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். போர்த்துக்கேயம் அந்த ‘எப்படி’யை வினைக்குள்ளேயே வைத்துவிடும் மொழி. நம்முடைய தமிழும் அப்படித்தான். பூட்டு, பொருத்து, சொருகு, ஒட்டு, கோர், தை, முடிச்சுப் போடு என்று நமக்கும் வினை வினையாகத்தான் இருக்கிறது. ஆகவே இந்த வேலையில் ஆங்கிலத்திலிருந்து நேராகப் போர்த்துக்கேயத்துக்குத் தாவாதீர்கள். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தச்சாசாரியார் தன் உதவிக்கு நிற்கும் பையனிடம் தமிழில் என்ன சொல்லுவார் என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் வினைதான் உங்களுக்கு வேண்டியது, அதற்குரிய போர்த்துக்கேயச் சொல் தானாகக் கிடைக்கும்.

உங்கள் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பையே எடுப்போம். ஆங்கிலத்தில் ‘ஹவ் டு புட் இட் டுகெதர்’. நம் ஆட்கள் இதை ‘பூட்டுறது எப்படி’ என்பார்கள். சைக்கிளைக் கழட்டிப் பூட்டுவது, ஃபேன் பூட்டுவது, அலுமாரி பூட்டுவது, அந்தப் பூட்டுதான். துண்டு துண்டாக இருந்தவை முடிவில் ஒரு பொருளாகி நிற்கின்றன, அதற்குத் தனிப் பெயரும் வந்துவிடுகிறது. இந்தப் பூட்டுக்குப் போர்த்துக்கேயத்தில் ‘மொந்தார்’. கழட்டுவதற்கு ‘தெஸ்மொந்தார்’. நம்மிடம் கழட்டு, பூட்டு என்று சோடியாக இருப்பதுபோல அங்கேயும் சோடி. பெயர்ச்சொல் ‘மொந்தாஜெம்’, ஆகவே உங்கள் தலைப்பு ‘இன்ஸ்த்ருசோயிஸ் தெ மொந்தாஜெம்’, அதாவது பூட்டும் முறை பற்றிய அறிவுறுத்தல்கள். தலைப்பில் வினைச்சொல்லை வைத்து ‘எப்படி’ என்று தொடங்குவது பிழையல்ல, ஆனால் லிஸ்பனிலோ சாவோ பாவ்லோவிலோ ஒரு தளபாடப் பெட்டியைத் திறப்பவர் எதிர்பார்க்கும் தலைப்பு இந்தப் பெயர்ச்சொல் வடிவம்தான், அதையே கொடுங்கள்.

மொந்தாருக்கு வேறு பொருள்களும் உண்டு. குதிரையில் ஏறுவதும் மொந்தார்தான், கடை ஒன்றைத் தொடங்கி நடத்துவதும் நாடகத்தை மேடையேற்றுவதும் மொந்தார்தான். அலுமாரிப் பெட்டியில் இதனால் யாருக்கும் குழப்பம் வராது. ‘லாச்சிகளை முதலில் பூட்டுங்கள்’ என்ற உங்கள் நான்காவது படிக்கும் இதே சொல், ‘மொந்தெ’ என்ற மரியாதைக் கட்டளை வடிவத்தில். அகரத்தில் முடியும் வினைவேர்கள் கட்டளையில் எகரமாக மாறுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வடிவத்தையே கடைசிப் படிவரை விடாமல் பிடியுங்கள், பாதியில் நட்புத் தொனிக்கு மாறினால் வாசிப்பவருக்கு இரண்டு பேர் எழுதியது போலத் தெரியும்.

இப்போது பலரும் விழும் இடத்துக்கு வருவோம். ‘ஜுந்தார்’ என்று ஒரு வினை உண்டு, எந்த அகராதியைத் திறந்தாலும் ‘ஜாயின்’, ‘புட் டுகெதர்’ இரண்டுக்கும் எதிரே இதுதான் முதலில் நிற்கும். இதன் கரு ‘அருகருகே கொண்டுவருதல், ஒன்றுசேர்த்தல்’. பிரிந்து கிடந்தவை ஓரிடத்துக்கு வருகின்றன, அவை இறுகிப் பிடித்துக்கொண்டனவா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. கும்பிடுவதற்குக் கைகூப்பினால் அது ஜுந்தார், காசு சேர்ப்பதும் ஜுந்தார், சமையல் குறிப்பில் ‘சீனியைச் சேர்க்கவும்’ என்பதும் ஜுந்தார், கலியாணம் கட்டாமல் ஒரு வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கும் சோடியைப் பிரேசிலில் கந்தல்களை ஒன்றுசேர்த்துவிட்டார்கள் என்பார்கள், அதிலும் இதே வினைதான். இவ்வளவு பரந்த சொல் என்பதாலேயே அலுமாரிக்கு இது ஆபத்து. ‘அலுமாரியை ஜுந்தார் செய்யுங்கள்’ என்றால், இரண்டு அலுமாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி வைக்கச் சொல்வது போல ஒலிக்கும். இதைவிட மோசமானது சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘போர் ஜுந்து’ என்று எழுதுவது. அது ‘பக்கத்தில் வை’ என்றுதான் படிக்கப்படும், வாங்கியவர் பலகைகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த படியைத் தேடிக்கொண்டிருப்பார்.

உங்கள் மூன்றாவது வரி, ‘ஏ, பி என்ற பக்கப் பலகைகளைப் புட் டுகெதர் செய்யுங்கள்’ என்பது, உண்மையிலேயே கவனமாகப் பார்க்க வேண்டியது. இதற்கு விடை படத்தில்தான் இருக்கிறது. ஒரு பலகையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்குச்சி மற்றதன் துளைக்குள் போனால், நாம் ‘சொருகிப் பொருத்து’ என்போம், அங்கே ‘என்காய்ஷார்’. பெட்டி என்று பொருள்படும் ‘காய்ஷா’ என்ற சொல்லின் அடியாகப் பிறந்த வினை, ஒன்று மற்றதற்குள் சரியாக உட்காருவதைச் சொல்கிறது. ‘என்காய்ஷெ ஆ பெஸா ஏ நா பெஸா பி’, ஏ துண்டை பி துண்டுக்குள் பொருத்துங்கள். நடுவில் வரும் ‘நா’ என்ற சின்னச் சொல்லை விட்டுவிடாதீர்கள், ‘உள்ளே’ என்ற பொருளை அதுதான் தருகிறது. படத்தில் அப்படி ஒன்றுமில்லாமல் ஒரு பலகையை மற்றதன்மேல் முட்ட வைத்து நிறுத்தச் சொல்லியிருந்தால், அது ‘என்கொஸ்தார்’, முட்ட வைத்தல், சாய்த்தல். அதற்குப் பிறகு ஆணி வருமானால் அதைத் தனி வினையாகச் சொல்லுங்கள், ‘அபராஃபுஸார்’, திருகாணி போட்டு முடுக்குதல். ஆங்கிலம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டதே என்பதற்காக நீங்களும் ஒன்றிலேயே அடக்கப் பார்க்க வேண்டாம். முட்ட வையுங்கள், பிறகு திருகாணி போடுங்கள் என்று இரண்டு வினையாக உடைத்தால்தான் அங்கே இருப்பவருக்குக் கை ஓடும்.

திருகாணி என்று வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். எல்லாத் திருகாணிகளையும் முதலில் அரைகுறையாக விட்டு, பலகைகள் நேராக நின்ற பிறகு இறுக்குங்கள் என்ற அறிவுரை ஆங்கிலத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். இறுக்குவதற்கு ‘அபெர்தார்’. இதையும் அபராஃபுஸாரையும் கலந்துவிட்டால் முதல் படியிலேயே எல்லாவற்றையும் இறுக்கிவிடுவார்கள், பிறகு கடைசிப் பலகை உட்காராது. நட்டுக்கு ‘போர்கா’, அகராதியில் தேடினால் பெண்பன்றி என்றும் வரும், திடுக்கிட வேண்டாம், இரண்டும் ஒரே சொல்தான். ஸ்க்ரூட்ரைவருக்கு ‘ஷாவெ’ என்று தொடங்கும் தொடர் வரும். ஷாவெ என்றால் திறப்பு, நம்முடைய ‘சாவி’ வந்ததும் இதிலிருந்துதான், ஆனால் தச்சுக் கருவிகளில் திருகும் சாமான் பலவற்றுக்கும் இதுவே முதற்சொல். ஆகவே கருவிப் பட்டியலில் வெறும் ஷாவெ என்று விட்டால் அலுமாரிக் கதவின் திறப்பைத்தான் தேடுவார்கள், எந்த ஷாவெ என்று முழுவதும் எழுதுங்கள்.

அலுமாரிக்குள் ஒரு சிறிய மின்விளக்கு வருகிறது என்றும், ‘இரண்டு வயர்களையும் புட் டுகெதர் செய்யவும்’ என்று ஒரு வரி இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த வரியில் பிழை விட்டால் பலகை கோணுவதோடு நிற்காது, ஆளுக்கே ஆபத்து, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். போர்த்துக்கலில் மின்வயரைத் தொடுப்பதற்குச் சொல்வது ‘லிகார்’. அதே லிகார்தான் சுவிட்சைப் போடுவதற்கும், தொலைபேசியில் ஒருவரை அழைப்பதற்கும். எதிர்ச்சொல் ‘தெஸ்லிகார்’, அதற்கும் இரட்டைப் பொருள், வயரைப் பிரிப்பதும் அதுதான், மின்சாரத்தை நிறுத்துவதும் அதுதான். ‘லிகெ’ என்று ஒற்றைச் சொல்லாக ஒரு படியை முடித்தால், தொடுக்கச் சொல்கிறீர்களா, கரண்டைப் போடச் சொல்கிறீர்களா என்பது தெரியாது. எதை, எதோடு என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இந்த வயரை அந்த வயரோடு லிகெ செய்யுங்கள். விளக்கை எரியச் செய்வதற்கு லிகாரைத் தொடவே வேண்டாம், ‘அசெந்தெர்’ இருக்கிறது, விளக்கேற்றுதல் என்பதற்கு நேரான சொல், அதைப் போடுங்கள். அதற்கு முந்தைய படியாக, வீட்டு மின்சாரத்தை நிறுத்தும்படி ஒரு தனி வரி, தடித்த எழுத்தில். ஆங்கில மூலத்தில் அது இல்லாவிட்டால் தொழிற்சாலைக்காரரிடம் சொல்லிச் சேர்க்க வையுங்கள், இது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை என்று விட்டுவிட வேண்டாம். பிரேசிலுக்குப் போகும் பதிப்பில் ‘கொனெக்தார்’ என்று எழுதினால் இந்த இரட்டைப் பொருள் சிக்கலே வராது. எழுத்துக்கூட்டலிலும் ஒரு கண் வையுங்கள், லிகார் கட்டளை வடிவம் எடுக்கும்போது ஜீ எழுத்துக்கும் ஈ எழுத்துக்கும் நடுவில் ஒரு யூ நுழையும், அதை விட்டால் ஒலியே மாறிவிடும்.

வயர்களை முறுக்கி நீளம் கூட்டுவதற்கு ‘எமெந்தார்’ என்று இன்னொரு வினை உண்டு. துணியில் ஒட்டுப்போட்டு நீட்டுவதும் கயிற்றை இன்னொரு கயிற்றோடு முடிவதும் இதுதான். பிரேசில்காரர்கள் விடுமுறை நாளையும் வார இறுதியையும் சேர்த்து நீட்டிக்கொள்வதற்குக்கூட இதைத்தான் சொல்கிறார்கள், போயா நாள் வெள்ளிக்கிழமையில் விழாதா என்று கலண்டரைப் பார்க்கும் கொழும்புக்காரர்களுக்கு இந்தச் சொல் உடனே பிடித்துப்போகும். ஆனால் உங்கள் அலுமாரியில் வயர் முனைகள் பிளாஸ்டிக் சொக்கெட்டில் சொருகும் வகை என்று சொல்கிறீர்கள், ஆகவே இங்கே எமெந்தார் வேண்டாம். உடுப்புத் தொங்கவிடும் கம்பி இரண்டு துண்டாக வருகிறது என்ற ஆறாவது வரிக்கும் வேண்டாம், அந்தக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று போகிறது, மறுபடி என்காய்ஷார்தான்.

மிச்சம் இரண்டு வரிகள், இவற்றில் அதிக வேலை இல்லை. ‘தொடங்கும் முன் எல்லாத் துண்டுகளையும் கருவிகளையும் புட் டுகெதர் செய்யுங்கள்’ என்பதற்கு ‘ரெயுனீர்’, திரட்டி ஓரிடத்தில் வைத்தல், கூட்டம் கூடுவதற்கும் இதுவேதான். கடைசியில் வரும் ‘எங்கள் குழு உங்களுக்காக உதிரி ஆணிப் பை ஒன்றைப் புட் டுகெதர் செய்திருக்கிறது’ என்ற வரியில் அந்த வினையையே தூக்கிவிடுங்கள். பையில் உதிரித் திருகாணிகள் உள்ளன என்றால் போதும், ‘இங்க்ளுய்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

நாளைக்கு இதே தொழிற்சாலை ஓர் அறிக்கையோ விலைக் கணிப்போ அனுப்பச் சொல்லும், அங்கேயும் ஆங்கிலத்தில் ‘புட் டுகெதர் எ கோட்’ என்று இருக்கும், அதற்கு மொந்தாரும் இல்லை ஜுந்தாரும் இல்லை, ‘எலபொரார்’ அல்லது ‘ப்ரெபரார்’, தயாரித்தல். ஆட்களைச் சேர்த்துக் குழு அமைப்பதற்கு ‘ஃபொர்மார்’ எங்கேயும் செல்லும், பிரேசிலில் குழுவுக்கும் மொந்தார் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதுதான் பெரிது என்று ஒரு விளம்பர வரி வந்தால் வினையே வேண்டாம், ‘ஜுந்துஸ்’ என்ற பெயரடை மட்டும், அதுவும் பால், எண் பார்த்து மாறும். சொற்பிறப்பைப் பார்த்து மயங்கிவிடாமல் இருக்கவும் ஒன்று சொல்கிறேன். ‘சேர்த்து வை’ என்ற பொருளில் இலத்தீனிலிருந்து வந்த சொல் போர்த்துக்கேயத்தில் ‘கொம்போர்’, அச்சொட்டாகப் ‘புட் டுகெதர்’ போலவே கட்டப்பட்டது. ஆனால் இன்று அது பாட்டு இயற்றுவதற்கும், ஒன்றின் பகுதிகளாக அமைவதற்கும்தான் பெரிதும் ஓடுகிறது. அலுமாரியைக் கொம்போர் செய்யச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

இரண்டாவது கேள்வி. ஒரே துண்டுப்பிரசுரம் இரண்டு நாட்டுக்கும் போதுமா? வினைகளைப் பொறுத்தவரை மொந்தார், என்காய்ஷார், ரெயுனீர், அபெர்தார் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. வித்தியாசம் சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. வயருக்கு லிகாரா கொனெக்தாரா என்பதைப் பார்த்தோம். அபராஃபுஸாருக்குப் பதிலாகப் பிரேசிலில் முன்னெழுத்து அகரம் இல்லாமல் ‘பராஃபுஸார்’ என்றும் எழுதுவார்கள். முட்ட வைக்கும் பலகையை எதோடு என்று சொல்லும் இணைப்புச் சொல்லும் மாறும். குழுவுக்குப் போர்த்துக்கலில் ‘எகிப்பா’, பிரேசிலில் ‘எகிப்பி’. 1990 இல் கையெழுத்தான எழுத்துச் சீர்திருத்த உடன்படிக்கை பல எழுத்துக்கூட்டல்களை ஒன்றாக்கியது, எல்லாவற்றையும் ஒன்றாக்கவில்லை. என் அபிப்பிராயம், செலவு பார்க்காமல் இரண்டு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், வேறுபடும் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை. மொசாம்பிக், அங்கோலாவுக்குச் சரக்குப் போனால் போர்த்துக்கல் கோப்பையே அனுப்புங்கள், எழுத்து வழக்கில் அவர்கள் அந்தப் பக்கம். ஒன்றுதான் முடியும் என்று தொழிற்சாலை சொன்னால், பெட்டிகளில் பெரும்பகுதி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று கேட்டு அந்த நாட்டு வழக்கில் எழுதுங்கள். இரண்டையும் கலந்து நடுவழக்கு ஒன்றை உண்டாக்கினால் இரண்டு பக்கமும் அந்நியமாகவே இருக்கும்.

மட்டக்களப்புப் பறங்கியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியக் குடும்பங்கள் காத்துவரும் மொழி இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது மொழிகள் கலந்து பிறந்த தனி மொழி. போர்த்துக்கேயர் 1656 இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த பிறகும் இந்த மண்ணிலேயே தனியாக வளர்ந்த மொழி, அதற்கென்று சொந்த இலக்கணம் உண்டு, வினைச்சொற்கள் லிஸ்பன் போர்த்துக்கேயத்தில் போல நான், நீ, அவர் என்பதற்கேற்ப மாறுவதில்லை. மதித்துக் காக்க வேண்டிய மொழி, இன்றைய லிஸ்பன் துண்டுப்பிரசுரத்தைத் திருத்துவதற்கான அளவுகோல் அல்ல. அதேபோல நம் தமிழில் இருக்கும் கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை என்பது உங்களுக்குப் பொருள்களின் பெயரில் உதவும், கதெய்ரா, மேஸா, அர்மாரியு, பாங்கு என்று பழகிய முகங்களாகவே இருக்கும். வினைகளில் அப்படி உதவி கிடைக்காது. பெயர்களைத்தான் வாங்கினோம், பூட்டுவதும் பொருத்துவதும் நம் சொல்லாகவே இருந்துவிட்டது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் போர்த்துக்கேய வரிகளை ஆங்கிலத்தைப் பார்க்காமல் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து, தொழிற்சாலையில் அந்த அலுமாரியைப் பூட்டாத ஓர் ஆளிடம் கொடுத்து, வாய்பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அந்த வரியின் வினை பிழை, அல்லது ஒரே வினைக்குள் இரண்டு வேலையைத் திணித்திருக்கிறீர்கள். அப்புறம் போர்த்துக்கேயம் தாய்மொழியான ஒருவரிடம் அனுப்பும்போது முழுப் பக்கத்தையும் ‘சரியா’ என்று கேட்காமல், படத்தோடு சேர்த்து அனுப்பி, இந்தப் படிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

பெட்டியின் வெளியே ஒட்டும் லேபலில் ‘வாங்கியவரே பூட்ட வேண்டும்’ என்பதற்கு ‘ரெகேர் மொந்தாஜெம்’ என்று போடுங்கள், இரண்டு நாட்டுக்கும் அது பொருந்தும். பூட்டியே அனுப்பும் மேசைகளின் பெட்டியில் ‘மொந்தாதா’ என்று வரவேண்டும், மேசை அங்கே பெண்பால், ஆண்பாலான அலுமாரிப் பெட்டியின் ‘மொந்தாது’வை அப்படியே பிரதி எடுத்து ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.